முதுகில் தட்டிக் கொடுக்கும் விமர்சனம்

வங்காளப் படத்துக்குப் பக்கத்துணையாக நில்லுங்கள் என்று கல்கத்தாவில் ஒரு கோஷம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல், கடனை உடனை வாங்கி நாலு நண்பர்கள் ஒரு படம் எடுத்துவிட்டால், விமர்சகர் உடனே இந்தக் கொடியைத் தூக்கிக் கொள்கிறார். பணம் புரண்ட விதம், பட்ட கஷ்டம், எந்தச் சீமையில் எந்த விழாவில் காட்டினார்கள் என்பதெல்லாம் விஸ்தாரமாக வருகிறது. படம் எப்படி என்பது மட்டும் வருவதில்லை. விருந்து எப்படி என்று கேட்டால் சமையற்காரரின் குடும்பக் கஷ்டத்தைச் சொல்வதா?

இதை அவர் ஆதரவு என்கிறார். எனக்கு இது அவமதிப்பாகவே படுகிறது.

1964-ல் 'சாருலதா' வந்தபோது, தாகூரின் 'நஷ்டநீட்' கதையைச் சத்யஜித் ராய் மாற்றிவிட்டார் என்று அசோக் ருத்ரா சாடினார். ராய் அதற்குள் உலகப் புகழ் பெற்றவர், பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 'பரிசய்' பத்திரிகையில், எதை ஏன் மாற்றினேன் என்று கதையையும் படத்தையும் அருகருகே வைத்து நீளமாக எழுதினார். மறு வருஷம் மிருணாள் ஸேனின் 'ஆகாஷ் குஸும்'. இந்தத் தடவை ராயே சாடுகிற கட்சி. 'ஸ்டேட்ஸ்மன்' தினசரியின் கடிதப் பகுதியில் அவர் ஒரு பக்கம், ஸேனும் கதாசிரியர் ஆசிஷ் பர்மனும் மறு பக்கம். பணக்கார வேஷம் போடும் அந்தக் கதாநாயகன் இந்தக் காலத்து மனிதனா, மயிலிறகு செருகிக்கொண்ட பழங்கதைக் காக்கையா என்பது வழக்கு. வார்த்தைகள் எல்லை மீறித்தான் போயின. அதை நான் மெச்சவில்லை. ஆனாலும் வழக்கு படத்தைப் பற்றியது. ஸேன் எத்தனை கடன்பட்டார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கடுமையாக எழுதினால் சின்னப் படம் செத்துவிடும் என்பார்கள். 1958-ல் நியூயார்க்கில் 'பதேர் பாஞ்சாலி' வெளியானபோது, பக்குவமில்லாத வேலை என்கிற தோரணையில் பாஸ்லி க்ரௌதர் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். படம் அதே ஊரில் மாதக் கணக்கில் ஓடிற்று. ரித்விக் கட்டக்கின் 'நாகரிக்' 1952-லேயே முடிந்த படம். வெளியானது 1977-ல், கட்டக் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை முடக்கியது எந்த விமர்சகரின் பேனாவும் அல்ல; படம் திரைக்கே வரவில்லை. கொட்டகைக்காகப் போராட விரும்புகிறவர் தாராளமாகப் போராடட்டும். அதற்குத் தனிக் கட்டுரை எழுதட்டும்.

2014-ல் ஆதித்ய விக்ரம் ஸென்குப்தா 'ஆஷா ஜாவோர் மாஜே' எடுத்தார். மனைவிக்குப் பகல் வேலை, கணவனுக்கு இரவு வேலை. படம் முழுக்க ஒரு வார்த்தை சம்பாஷணை கிடையாது. வெனிஸில் காட்டினார்கள், தேசிய விருது வந்தது. சரி, அந்த மௌனம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து வந்ததா, டைரக்டர் போட்ட விரதமா? ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு சீட்டாவது எழுதி வைத்துவிட்டுப் போகமாட்டார்களா? எனக்கு முதல் பாதியில் இந்தச் சந்தேகம் எழவேயில்லை, பிற்பாதியில் எழுந்தது. அது என் கோளாறா, படத்தின் கோளாறா என்று தெரிந்துகொள்ளத்தான் நான் விமர்சனத்தைத் தேடிப் போகிறேன்.