பூட்டு மட்டும் கடையைக் காக்காது

“நானா, பூட்டு அடையாளம் இருந்ததுதானே? பிறகு எப்படிக் காசு மாறிப் போனது?”

புங்குடுதீவிலிருந்து எனது வியாபார நண்பர் தொலைபேசியில் இவ்வாறு கேட்டது 2022ஆம் ஆண்டில். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், கருவாடு ஆகியவற்றைக் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் வாழும் தன் ஊர் மக்களுக்கு இணையத்தளம் மூலம் விற்பவர் அவர். பொதிகளைக் கொழும்பில் பொறுப்பேற்று அனுப்பி வைப்பவன் நான். இணையத்தளம் போடுங்கள் என்று அவரைத் தூண்டியவனும் நானே. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருந்தது.

நடந்தது இதுதான். பணம் செலுத்தும் பக்கத்தில் இருந்த அவரது வங்கிக் கணக்கு இலக்கத்தை யாரோ மாற்றிவிட்டார்கள். படங்கள், விலைகள், தொலைபேசி இலக்கம் எல்லாம் முன்பு போலவே இருந்தன. “பணம் அனுப்பி இரண்டு கிழமையாகுது, பனங்கட்டி இன்னும் வரேல்லையே தம்பி” என்று கனடாவிலிருந்து ஒரு வயோதிபத் தாய் கேட்ட பின்னரே விடயம் வெளிவந்தது. ஏமாந்த அனைவருக்கும் நண்பர் தன் கைக்காசில் பொருள்களை அனுப்பினார். அப்படியிருந்தும் சிலர் மீண்டும் வரவில்லை.

உலாவியில் தெரிந்த அந்தப் பூட்டு எதைக் காத்தது? குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு பெட்டியை முத்திரையிட்டு அனுப்புகிறோம். வழியில் எவரும் அதைத் திறக்க முடியாது. ஆனால் கடைக்குள்ளேயே ஒருவன் புகுந்து பெட்டியில் முகவரியை மாற்றி எழுதிவிட்டால் முத்திரை என்ன செய்யும்? மறைகுறியாக்கம் வழியைக் காக்கிறது; கடையைக் காப்பதில்லை. இந்தப் பூட்டை இலவசமாகவே பெறலாம் என்பதால் போலித் தளங்களும் அதை வைத்திருக்கின்றன. மக்கள் அதை நம்பிக்கையின் அடையாளமாகத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டே கூகுள் தனது குரோம் உலாவியில் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டுப் படத்தை நீக்கியது.

இது சிறிய கடைக்காரரின் பிரச்சினை மட்டுமல்ல. 2018இல் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் நிறுவனத்தின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு சிறு நிரல் துண்டைச் செருகி, வாடிக்கையாளர்களின் அட்டை விபரங்களைத் திருடினார்கள். அங்கும் பூட்டு இருந்தது. 2020 ஒக்டோபரில் அந்நிறுவனத்துக்குப் பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 20 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது.

நமது நாட்டிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுள் டொட் எல்கே என்று தேடிப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். கூகுளின் கணனிகள் உடைக்கப்படவில்லை. எல்கே டொமைன் பெயர்களைப் பதியும் இடத்திலேயே கை வைக்கப்பட்டிருந்தது. பெயர்ப்பலகையைப் பிடுங்கி வேறு கடையில் மாட்டியது போன்ற வேலை அது.

2023 ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மென்பொருளும் பழைய பதிப்பு.

“நாம் சிறிய வியாபாரிகள், நம்மை யார் குறிவைப்பார்கள்?” என்று பலர் கேட்கின்றனர். யாரும் குறிவைக்கத் தேவையில்லை. பழைய மென்பொருளும் இலகுவான கடவுச்சொல்லும் உள்ள தளங்களைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கதவு திறந்திருந்தால் போதும், கடையின் அளவை அவை பார்ப்பதில்லை.

என் நண்பரின் கதவு எப்படித் திறந்திருந்தது? தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடமாக எந்த மென்பொருளும் புதுப்பிக்கப்படவில்லை. மின்னஞ்சலுக்கும் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல். டொமைன் பெயர் கூட அந்த இளைஞரின் பெயரிலேயே பதியப்பட்டிருந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பராமரிப்புக்கென்று நாம் ஒரு ரூபாவும் பேசியிருக்கவில்லை.

எனது கருத்து இதுதான்: தளம் அமைக்கும் செலவைப் போலவே, அதைப் பராமரிக்கும் வருடாந்தச் செலவையும் முதல் நாளிலேயே கணக்கில் எழுத வேண்டும். அதற்கு வழியில்லாதவர் தளம் திறக்காமல் இருப்பதே மேல். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தளம், மின்னஞ்சல், டொமைன் மூன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொற்களையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் வையுங்கள். பயன்படாத செருகு நிரல்களை நீக்குங்கள். வேலையை விட்டுப் போனவரின் நுழைவை அன்றே மூடுங்கள். பிரதியை வன்தட்டில் எடுத்து, கணனியிலிருந்து கழற்றி வையுங்கள். வாரம் ஒரு முறையாவது வாடிக்கையாளர் போல உங்கள் தளத்துக்குச் சென்று, கணக்கு இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாகப் படித்துப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பணம் யாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பொறுப்பையே பேசுகிறது. ஆனால் அந்தத் தாய்க்குச் சட்டம் தெரியாது. ஊர்ப் பொடியன் ஏமாற்ற மாட்டான் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

நண்பர் இப்போது மாதத்தின் முதலாம் திகதி பிரதி எடுத்து வன்தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார். பெரிய தொகைக்குக் கட்டளை வந்தால் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கணக்கு இலக்கத்தைத் தானே சொல்கிறார். அந்த அழைப்புக்காகவே சிலர் மீண்டும் வாங்குகிறார்கள் என்றும் சொன்னார். நீங்களும் இன்று இரவு கடையைப் பூட்டும் முன், உங்கள் டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.