தொலைவு சொல்லாத இருள் ஆற்றல்

பிரபஞ்ச விரிவை முடுக்குவதாகக் கருதப்படும் இருள் ஆற்றல் வலுவிழந்து வருகிறது என்ற செய்தி 2025 மார்ச்சில் உலகெங்கும் பரவியது. அரிசோனாவின் கிட் பீக் மலைமேல் உள்ள டெசி கருவி ஏறத்தாழ 1.5 கோடி விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்ததன் பலன் அது. அந்த உழைப்பு பெரிது. ஆனால் எந்தத் தொலைநோக்கியும் இருள் ஆற்றலை நேரடியாக அளப்பதில்லை என்பதைப் பல செய்திகள் சொல்லாமல் விட்டன.

கிடைப்பது தொலைவும் செம்பெயர்ச்சியும் (ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) மட்டும்தான். 1998-இல் பிரபஞ்ச விரிவு முடுக்கம் பெறுவதைக் கண்ட இரு குழுக்களும் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததை வைத்தே அந்த முடிவுக்கு வந்தன. தொலைவிலிருந்து விரிவு வேகம், அதிலிருந்து இருள் ஆற்றலின் இயல்பு எனப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அந்த இயல்பைக் குறிக்கும் எண், அதாவது அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம், தொலைவுச் சூத்திரத்தில் இரண்டு தொகையிடல்களுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. தொகையிடும்போது ஏற்ற இறக்கங்கள் தேய்ந்துவிடும். இரண்டு மாத மின் கணக்கைப் பார்த்து, எந்த நாளில் மின்விசிறி அதிகம் ஓடியது என்று சொல்ல முயல்வது போலத்தான் இதுவும். மாவோர், புருஸ்டைன், ஸ்டைன்ஹார்ட் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 2001-லேயே இதைப் பற்றி எச்சரித்தார்கள்.

தொலைவிலிருந்து அந்த விகிதத்துக்குத் திரும்பி வர வகையிட்டால் சிறு பிழையும் பெருகிவிடுகிறது. அதனால் விகிதம் பிரபஞ்சத்தின் அளவோடு நேர்கோட்டில் மாறுவதாக முதலிலேயே வைத்துக்கொண்டு, இரண்டே எண்களைத் தேடுகிறார்கள். டெசி குழு வேறு வடிவங்களையும் சோதித்தது. ஆனால் தலைப்புச் செய்தியானது இந்த நேர்கோடுதான்.

இன்னொரு பலவீனம் டெசி தரவோடு சேர்க்கப்படும் சூப்பர்நோவாத் தொகுப்புகளில் இருக்கிறது. எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, டெசி முடிவின் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா (புள்ளியியல் உறுதியின் அலகு) வரை மாறியது. கண்டுபிடிப்பு என்று இயற்பியலாளர்கள் ஏற்க 5 சிக்மா வேண்டும். அருகிலுள்ள சூப்பர்நோவாக்களுக்கும் தொலைவில் உள்ளவற்றுக்கும் இடையே 0.04 ஒளியளவுப் பிசகு இருந்தாலே போதும், இருள் ஆற்றல் மாறுவதற்கான இந்த அறிகுறி பெரும்பாலும் மறைந்துவிடும் என்று கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியு காட்டினார். பின்னர், 4.2 தந்த தொகுப்பை உருவாக்கிய டார்க் எனர்ஜி சர்வே குழு தன் சூப்பர்நோவா அளவீடுகளைச் சீர்திருத்தியபோது 4.2 என்பது 3.2 ஆகச் சரிந்தது.

சிறிய கேள்வியைக் கேட்பதே நேர்மையான வழி. புணேயின் ஐயூகா ஆய்வு மையத்தைச் சேர்ந்த வருண் சாஹ்னி, ஷஃபீலூ, ஸ்டாரோபின்ஸ்கியுடன் சேர்ந்து 2008-இல் முன்வைத்த ‘ஓஎம்’ சோதனை அப்படிப்பட்டது. இருள் ஆற்றல் மாறிலியா, இல்லையா என்பதை மட்டும் விரிவு வேகத்திடமே அது கேட்கிறது. அடுத்த டெசி முடிவு வரும்போது தலைப்பு எழுதுவோர், எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பு, எந்தச் சூத்திரம் என்ற இரண்டையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.