சிறுமலை மீது ஒரு நட்சத்திரம்

பூமி தன்னைத்தான் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றி வருகிறதென்பதை நம் மாணாக்கர் பரீட்சைத் தாளில் பிழையின்றி எழுதுவர். அதனைக் கண்ணாரக் கண்டவர் மிகச் சிலரே. திண்டுக்கல்லுக்குத் தெற்கே சிறுமலை நிற்கவும் இக்குறை நேர்வது வியப்பாகும்.

பிப்ரவரி இறுதியில் இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர் நகரிலிருந்து தெற்கே நோக்குவோர்க்கு, மலைக்கு மேலே ஏறத்தாழ 27 பாகை உயரத்தில், மேனாட்டார் கனோபஸ் என்னும் அகத்திய நட்சத்திரம் விளங்கும். டிசம்பர் இறுதியிலோ அது அவ்விடத்தை அடைவது நள்ளிரவை ஒட்டியே. பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடமே செல்லும். அதற்குள் தன் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வர இன்னும் நான்கு நிமிடம் சுழலவேண்டியிருக்கிறது. நாள்தோறும் நட்சத்திரம் முந்திக்கொள்ளும் அந்நான்கு நிமிடமே இரண்டு மாதத்தில் நான்கு மணியாகிறது.

நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கே நிற்குமென்று குளிர்நாட்டார் தம் நாட்டைக் குறித்து எழுதியதை நாமும் ஒப்பிக்கிறோம்! இங்கோ ஏப்ரல் நடுவில் அது நேர் உச்சிக்கு வர, நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும்; பின்னர் ஆகஸ்டு இறுதிவரை நண்பகல் நிழல் தெற்கே, சிறுமலைப் பக்கமாகவே சாயும். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதன் பயன் இது.

தொலைநோக்கிக்குப் பணம் சேருமட்டும் காத்திராமல், வரும் ஏப்ரலிலேயே கல்லூரி முற்றத்தில் ஒரு கோலை நாட்டிப் பூகோள வகுப்பை நண்பகலில் அங்கே நடத்துமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன்.