பொத்தான்கள் குறைந்த எடிட்டரே போதும்!

உங்கள் பள்ளிக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறதா? இருந்தால், விளையாட்டு விழாச் செய்தியையும் அறிவியல் மன்றத்தின் அறிக்கையையும் அதில் யார் எழுதிப் போடுகிறார்கள்? பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் உங்களைப் போன்ற நாலைந்து மாணவர்களுமாகத்தான் இருக்கும். அவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் நிரல் எழுதி உருவாக்குவதில்லை. உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்னும் ஒருவகை மென்பொருள் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. வேர்ட்பிரஸ், துருபல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. எழுத வேண்டியதை ஒரு பெட்டியில் எழுதி, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். மற்றவற்றை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

நான் பேசப்போவது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். அதன் தலைமாட்டில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். ஒன்று எழுத்தைத் தடிப்பாக்கும், ஒன்று சாய்க்கும், ஒன்று நிறம் பூசும், ஒன்று படம் செருகும். பக்கம் எப்படித் தோன்றுமோ ஏறக்குறைய அப்படியே எழுதும்போதே கண்ணுக்குத் தெரியும். இதற்குக் காட்சி எடிட்டர் என்று பெயர். இப்படிப்பட்ட எடிட்டர்கள் பல இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பொத்தான்களை எண்ணுகிறார்கள்! ஐம்பது பொத்தான் உள்ளது இருபது பொத்தான் உள்ளதைவிட உயர்ந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிரானது. பொத்தான் குறையக் குறைய நல்லது என்பேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையம் என்றொரு கூடம் இருந்தது. 1973-இல் அங்கே 'ஆல்டோ' என்ற கணிப்பொறியை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு பட்லர் லாம்சன், சார்லஸ் சிமோனி ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் அதற்காக 'பிராவோ' என்ற எடிட்டரை எழுதினார்கள். அதுவரை கணிப்பொறியில் கட்டுரை எழுதியவர்கள், எழுத்தோடு எழுத்தாக 'இங்கே தடித்த எழுத்து', 'இங்கே இடம் விடு' என்று கட்டளைகளையும் தட்ட வேண்டியிருந்தது. முடிவில் தாள் வெளியே வந்த பிறகுதான் பக்கம் எப்படி அமைந்தது என்று தெரியும். பிராவோவிலோ தாளில் வரப்போவது திரையிலேயே தெரிந்தது. 'காண்பதே கிடைக்கும்' என்பது இந்த வகை எடிட்டர்களின் விருதுவாக்கியமே ஆயிற்று. சிமோனி 1981-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்று உலகமே பயன்படுத்தும் வேர்ட் அங்கே பிறந்து 1983-இல் வெளிவந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? தாள்! அந்த வாக்குறுதி தாளுக்காகக் கொடுக்கப்பட்டது. தாளுக்கு ஒரே அளவு, ஒரே தோற்றம். வலைப்பக்கம் அப்படியா? ஒருவர் உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியில் பார்க்கிறார். இன்னொருவர் வகுப்பறைச் சுவரில் உள்ள பெரிய திரையில் பார்க்கிறார். மூன்றாமவர் பார்ப்பதே இல்லை, கணிப்பொறி படித்துச் சொல்லக் கேட்கிறார். இந்த மூவரில் யாருக்குக் கிடைப்பதை நீங்கள் காண்கிறீர்கள்?

ஜெனிவா நகரின் அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய எச்.டி.எம்.எல். மொழி, எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வதைவிட அது என்ன என்று சொல்வதில்தான் அக்கறை காட்டியது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று குறி வைத்துவிட்டால் போதும். தோற்றத்தைப் படிக்கும் கருவி முடிவு செய்துகொள்ளும். ஈய எழுத்துகளைக் கோத்த பழைய அச்சகங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'இது தலைப்பு' என்று பென்சிலால் குறித்து அனுப்பினால், அச்சுக்கோப்பவர் அதற்கேற்ற எழுத்தை எடுத்துக் கோப்பார். எச்.டி.எம்.எல். என்ற பெயருக்குள் இருக்கும் 'மார்க்அப்' என்ற சொல் அச்சகத்துப் பழக்கத்திலிருந்து வந்ததே. (பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவியிலேயே ஓர் எடிட்டரும் சேர்ந்திருந்தது. 1993-இல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்ற மொசைக் உலாவியோ பார்க்க மட்டுமே பயன்பட்டது. எழுதும் வசதி மறுபடியும் உலாவிக்குள் பரவலாக வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.)

இனி என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் வலைத்தளத்தைச் சீர்செய்ய உதவப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தேர்வு அட்டவணை ஒரே பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வகுப்பின் பெயரும் பெரிய எழுத்தில், தடிப்பாக, சிவப்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்வையற்ற மாணவி ஒருத்தி அதே பக்கத்தை என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மென்பொருளில் 'எச்' விசையைத் தட்டினால் அது அடுத்த தலைப்புக்குத் தாவும். அவள் தட்டினாள், தாவவில்லை. "சார், இந்தப் பக்கத்தில் தலைப்பே இல்லையே!" என்றாள்.

உண்மைதான். கண்ணுக்கு ஏழு தலைப்புகள், கணிப்பொறிக்கு ஒன்றுகூட இல்லை! தட்டச்சு செய்தவர் தலைப்பு என்று குறி வைக்காமல், எழுத்தைப் பெரிதாக்கி நிறம் பூசியிருந்தார். பத்தாம் வகுப்பு அட்டவணைக்கு அந்தப் பெண் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாவற்றையும் வரிவரியாகக் கேட்டுக் கடந்தாக வேண்டும். தட்டச்சு செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எடிட்டர் நிறத்தையும் அளவையும் முன்வரிசையில் வைத்து, தலைப்பை ஏதோ ஒரு கீழிறங்கு பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருந்தது. முன்னால் இருப்பதைத்தானே கை தொடும்?

எடிட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 உலாவியில், பக்கத்தின் எந்தப் பகுதியையும் அங்கேயே திருத்தக்கூடியதாக ஆக்கும் வசதி சேர்க்கப்பட்டது. பிற உலாவிகளும் பிறகு அதைப் பின்பற்றின. 2003-இல் வந்த எஃப்.சி.கே. எடிட்டர், 2004-இல் வந்த டைனி எம்.சி.இ. ஆகியவை இந்த வசதியின் மேல் கட்டப்பட்டவையே. ஆனால் உலாவிகளுக்குள் ஒற்றுமை இல்லை. என்டர் விசையைத் தட்டினால் ஓர் உலாவி புதிய பத்தியைத் தொடங்கியது. இன்னொன்று வெறும் வரிமுறிவு போட்டது. மூன்றாவது பெயரற்ற ஒரு பெட்டியைச் செருகியது. திரையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். சேமிக்கப்பட்டதோ மூன்று விதம். இந்தத் தலைவலி பொறுக்காமல், பின்னால் வந்த ப்ரோஸ்மிரர், சி.கே. எடிட்டர் 5 போன்றவை கட்டுரையின் அமைப்பைத் தாமே தனியாக நினைவில் வைத்துக்கொண்டு, உலாவியைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் பயன்படுத்துகின்றன. இன்று எனக்கு ஒரு வாக்கு உண்டென்றால் இந்த வகைக்கே போடுவேன்.

ஒட்டுதல் இன்னொரு வம்பு. வேர்டில் தட்டியதை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினால், சொற்களோடு அவற்றின் எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் பெருங்குப்பையாகக் கூடவே வரும். ஐந்து சொல்லுக்கு ஐந்து வரிக் குப்பை! நல்ல எடிட்டர் வாசலிலேயே இதை உதறிவிட்டுச் சொற்களையும் அமைப்பையும் மட்டும் உள்ளே விடும்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் ஆபத்து அதிகம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியிருந்தார்கள். 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கும். எடிட்டரில் எழுத்துரு மாற்றும் பொத்தான் இருந்தால், தலைமையாசிரியரின் பழைய கோப்பை யாரோ ஒட்டிப் பாமினியைத் தேர்வு செய்துவிடுவார்கள். அந்தக் கணிப்பொறியில் அழகாகத் தெரியும். பாமினி இல்லாத கைப்பேசியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்! தேடினால் 'அம்மா' அகப்படவும் மாட்டாள். எழுத்துருப் பொத்தானே இல்லாவிட்டால், ஒட்டிய மறுகணம் கிறுக்கல் கண்ணில் பட்டுவிடும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். தவறு உடனே தெரிவது ஒரு பெரிய வசதி அல்லவா?

யூனிகோடிலும் கவனிக்க வேண்டியது உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். கணிப்பொறி ஐந்து என்று எண்ணும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. "தலைப்பு அறுபது எழுத்துக்குள் இருக்கட்டும்" என்று எடிட்டர் எச்சரித்தால், அது நம் கணக்கா அதன் கணக்கா என்று பாருங்கள். 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும் சேமிக்கலாம்; கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளத் தெரியாத தேடுபொறி மட்டும் ஒன்றைக் கண்டு மற்றதைத் தவறவிடும்.

"எடிட்டரே வேண்டாம், எல்லாரும் எச்.டி.எம்.எல். கற்றுக்கொள்ளட்டும்" என்பவர்களும் இருக்கிறார்கள். 2004-இல் ஜான் கிரூபர் வெளியிட்ட மார்க்டவுன் போன்ற எளிய குறிமுறையே போதும் என்பவர்களும் உண்டு. நான் மார்க்டவுனில்தான் எழுதுகிறேன். ஆனாலும் இவர்களோடு சேரமாட்டேன். நன்றாக எழுதத் தெரிந்த தமிழாசிரியர், குறிகளைக் கற்கவில்லை என்பதற்காக ஒதுங்கி நிற்க வேண்டுமா? விக்கிப்பீடியா இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டது. புதியவர்களை ஈர்க்க 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் காட்சி எடிட்டரைக் கொண்டுவந்தார்கள். அது கட்டுரைகளுக்குள் வேண்டாத குறிகளைச் செருகுகிறது என்று பழைய தொகுப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். செப்டம்பரிலேயே, விரும்பியவர்களுக்கு மட்டும் என்று அது பின்வாங்கியது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பு கூட்டன்பர்க் என்ற புதிய எடிட்டரோடு வந்தபோதும் இதே கூச்சல். பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவரும் செருகுநிரலை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவிக்கொண்டன! எழுதுகிறவர்களைக் கேட்காமல் எடிட்டரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. மைஸ்பேஸ் தளம் தன் உறுப்பினர்களைப் பக்கத்தில் எச்.டி.எம்.எல். எழுத அனுமதித்தது, ஆபத்தான சொற்களை வடிகட்டவும் செய்தது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர், தடைசெய்யப்பட்ட ஒரு சொல்லை இரண்டு வரியாக உடைத்து எழுதி வடிகட்டியை ஏமாற்றினார். அவர் பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் அந்த நிரல் தானே ஒட்டிக்கொண்டது. இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல்! ஆகையால் எடிட்டர் வடிகட்டுகிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எடிட்டரை ஒதுக்கிவிட்டு நேரடியாகவே சர்வருக்கு எதையும் அனுப்ப முடியும். எந்தக் குறிகளை ஏற்பது என்ற பட்டியல் சர்வரில் இருக்க வேண்டும். பொத்தான் குறைந்தால் அந்தப் பட்டியலும் சிறியதாகும். சிறிய பட்டியலைக் காவல் காப்பது எளிது.

எடிட்டருக்கு ஆயுளும் உண்டு. எஃப்.சி.கே. எடிட்டர் 2009-இல் சி.கே. எடிட்டர் என்று பெயர் மாறியது. அதன் நான்காம் பதிப்புக்கான இலவசப் பராமரிப்பு 2023 ஜூனில் நின்றது. துருபல் அதற்கு முன்பே, 2022 டிசம்பரில் வந்த பத்தாம் பதிப்பில், ஐந்தாம் பதிப்புக்கு மாறிவிட்டது. பள்ளியின் ஆண்டறிக்கை முப்பது ஆண்டு கழித்தும் படிக்கப்பட வேண்டும்; எடிட்டர் அத்தனை காலம் இருக்காது. எனவே ஓர் எடிட்டரைச் சோதிக்கும்போது, அதன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ஒரு தலைப்பு, ஒரு பட்டியல், ஒரு படம், வேர்டிலிருந்து ஒட்டிய ஒரு பத்தி இவற்றை வைத்துச் சேமியுங்கள். பிறகு மூலத்தைக் காட்டும் வசதியைத் திறந்து, அது சேமித்ததைப் படியுங்கள். எச்.டி.எம்.எல். கொஞ்சம் தெரிந்த உங்கள் நண்பன் அதைப் படித்துப் புரிந்துகொண்டால் சரி. கைப்பேசியிலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். தமிழ் விசைப்பலகையில் தடுமாறும் எடிட்டர்கள் உண்டு. சுட்டியைத் தொடாமல் விசைகளை மட்டும் கொண்டு எல்லாப் பொத்தானையும் எட்ட முடிகிறதா என்பதையும் பாருங்கள். படிப்பவர்களைப் போலவே எழுதுபவர்களிலும் பார்வையற்றவர்கள் இருக்கலாம் அல்லவா?

நான் உதவப்போன பள்ளியில் கடைசியில் எட்டுப் பொத்தான்கள் மட்டும் மிஞ்சின: தலைப்பு, துணைத்தலைப்பு, தடிப்பு, இரண்டு வகைப் பட்டியல், மேற்கோள், இணைப்பு, படம். படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதாமல் சேமிக்க முடியாது என்றும் ஏற்பாடு செய்தோம். சாய்வெழுத்தை நான்தான் எடுக்கச் சொன்னேன். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். நிறப் பொத்தான் போனதில் ஓவிய ஆசிரியருக்கு வருத்தம். துணைத்தலைப்புகள் எல்லாம் கருஞ்சிவப்பில் வரும்படி தளத்தின் வடிவமைப்பிலேயே ஒரே இடத்தில் எழுதிவைத்தோம். அடுத்த தேர்வு அட்டவணையின்போது அந்த மாணவியை அழைத்து, தேர்வு அட்டவணைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். 'எச்' விசையை ஐந்து முறை தட்டினாள். "பத்தாம் வகுப்பு" என்றது கணிப்பொறி.