பள்ளிக்கூடமும் சொத்துவரியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், இனத்தின் பேரால் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைத்தல் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நம் அங்கத்தினர்களில் பலர் அதைக் கேள்வியுற்றிருப்பர். பள்ளியின் வாயிற்கதவு திறந்தது மெய்யே. ஆயினும் உள்ளே நல்ல உபாத்தியாயரும் புத்தகமும் இருக்க வேண்டுமானால் அதற்கு யார் பணம் தருவது என்னும் வினா அத்தீர்ப்பால் தீரவில்லை. இன வேற்றுமை இன்று குடியிருப்பது அவ்விடத்தில்தான் என்பது எமது கருத்து.

அந்நாட்டில் பள்ளிச் செலவின் கணிசமான பகுதி, அந்தந்தப் பள்ளி வட்டாரத்து வீடு, மனை, தொழிற்சாலை ஆகியவற்றின்மீது விதிக்கும் சொத்துவரியிலிருந்து வருகிறது. எந்த இனத்தார் எந்தத் தெருவில் வீடு வாங்கலாகாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்த நாடு அது. அத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமுல் நடத்தலாகாது என்று 1948-இல்தான் முடிவாயிற்று. அதற்குள் நகரங்களின் வரைபடம் இன வாரியாகப் பங்கிடப்பட்டுவிட்டது.

டெக்சாஸ் மாகாணத்து சான் அன்டோனியோ நகரின் 1967-68-ஆம் ஆண்டுக் கணக்கை, நம் சங்கத்து ஐந்தொகையைப் படிக்கும் கண்ணோடு படித்துப் பாருங்கள். எட்ஜ்வுட் வட்டாரத்து மாணவரில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் மெக்சிக வழியினர். 6 சதவீதத்துக்குமேல் கறுப்பினத்தவர். அலாமோ ஹைட்ஸ் வட்டாரத்தில் பெரும்பாலோர் வெள்ளையர். வரிக்குரிய சொத்தின் மதிப்பு மாணவர் ஒருவருக்கு முன்னதில் 5,960 டாலர். பின்னதில் 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். அந்நகர்ப் பகுதியிலேயே அதுதான் உயர்ந்த விகிதம். அலாமோ ஹைட்ஸார் செலுத்தியது 85 சென்ட். மாகாணத் திட்டத்துக்குரிய பங்கு போக, உள்ளூர் வரியில் மாணவர் ஒருவருக்கு மிஞ்சியது அங்கே 26 டாலர், இங்கே 333 டாலர். மாகாண சர்க்கார் தந்தது முறையே 222, 225. செல்வர் வட்டாரத்துக்கு மூன்று டாலர் கூடுதல்! மத்திய சர்க்காரின் உதவியையும் சேர்த்தால் 356 டாலரும் 594 டாலரும் ஆகின்றன.

ஏழை இனத்தார் கல்வியில் சிரத்தையற்றவர் என்போர் இக்கணக்கைக் காண வேண்டும். மிகுதியாக வரி கொடுத்தவரே குறைவாகப் பெற்றனர். அவ்வட்டாரங்களில் கிடைத்த மிகப் பெரிய வரித்தொகைக்கு ஈடு செய்ய எட்ஜ்வுட் 5.76 டாலர் விகிதம் வரி விதிக்க வேண்டியிருக்கும், சட்டமோ 1.50 டாலருக்குமேல் விதிக்கலாகாது என்றது. தீர்வையை ஒழுங்காகச் செலுத்தியும் தண்ணீர் காணாத கடைமடைக்காரரின் துன்பத்தை நம் விவசாய அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர். தகரத் தொழிலாளியான டெமெட்ரியோ ரோட்ரிகெஸும் வேறு சில பெற்றோரும் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தனர். 1973-இல் உச்ச நீதிமன்றம், கல்வி அரசியல் சட்டம் உறுதியளித்த அடிப்படை உரிமையன்று எனக் கூறி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழக்கைத் தள்ளியது. 1954 வழக்கில் வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் அப்போது நீதிபதியாக அமர்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். எமக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது.

பணத்தால் மட்டும் கல்வி வளராது என்று சிலர் சொல்வர். அப்படியானால் அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கச் செல்வ வட்டாரங்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன? வரியை மாகாணம் முழுவதற்கும் ஒன்றாகத் திரட்டி, பிள்ளைகளின் தொகையும் தேவையும் பார்த்துப் பங்கிடுவதே முறை.

1989-இல் டெக்சாஸ் மாகாண உச்ச நீதிமன்றம், அம்முறை மாகாணத்தின் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் செய்தது. 1968-இல் தொடக்கப் பள்ளியிலிருந்த ரோட்ரிகெஸின் பிள்ளைகள் அதற்குள் பெரியவர்களாகிவிட்டனர். பின்னர் 1993-இல், செல்வ வட்டாரங்களின் வரியில் ஒரு பகுதி ஏழை வட்டாரங்களுக்குச் செல்லச் சட்டம் செய்யப்பட்டது. அதற்கு மக்கள் இட்ட பெயர் ராபின் ஹூட், அதாவது பணக்காரரைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்த கதைத் திருடனின் பெயர். நம் சங்கத்துப் பொது நிதிக்குச் செலுத்தும் தொகையை எந்த அங்கத்தினரும் அவ்வாறு அழைத்ததில்லை.