யாரைக் கேட்டுக் கட்டுகிறார்கள்?

தெற்கு தில்லியில் நௌரோஜி நகர் என்றால் ஒரு காலத்தில் அறுநூறு சொச்சம் அரசு ஊழியர் வீடுகளும், அவற்றின் மீது நிழல் பரப்பிய வேம்பும் நாவலும்தான் நினைவுக்கு வரும். இப்போது அங்கே ஏறத்தாழ 34 லட்சம் சதுர அடி பரப்பில் 'உலக வர்த்தக மையம்' என்ற பெயரில் வணிகக் கோபுரங்கள் நிற்கின்றன. 2025 ஜனவரி 3 அன்று பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார். அதே நாளில், அருகிலுள்ள சரோஜினி நகரில் 28 அடுக்குமாடிக் கட்டடங்களில் அமைந்த 2,500-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர் வீடுகளும் திறக்கப்பட்டன. விழா முடிந்துவிட்டது. ஆனால், இந்தத் திட்டம் தீட்டப்பட்டபோது சுற்றுப்புறத்தில் குடியிருந்தவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இன்னும் முறையான பதில் இல்லை.

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாசபுரி, முகமதுபூர் ஆகிய ஏழு குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள் எழும் என்றும், முப்பதாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ரூ.32,835 கோடி செலவாகும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையை அரசு தன் கருவூலத்திலிருந்து எடுக்கவில்லை. நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வணிகத்துக்கான கட்டடப் பரப்பை விற்று ஈடுகட்டுவது என்பதே ஏற்பாடு. அதாவது, வீடுகள் இரட்டிப்பாவதுடன் அலுவலகங்களும் கடைகளும் புதிதாகச் சேரும்.

பழைய வீடுகள் பழுதடைந்திருந்தன என்பதையும், அரசு வீட்டுக்காக ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. தமிழகத்திலிருந்து மத்திய அரசுப் பணிக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் தலைநகரில் முதலில் காலூன்றியது இத்தகைய குடியிருப்புகளில்தான். பக்கத்திலுள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அமைந்திருப்பதே அதற்குச் சான்று. நகரின் மையத்தில், இரண்டு மாடிகளுக்கு மேல் உயராத வீடுகளை அப்படியே காலங்காலமாக வைத்திருக்க முடியாது என்ற அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. வீடுகள் கட்ட வேண்டுமா என்பதில் சர்ச்சை இல்லை. யாரைக் கேட்டு, எந்த அளவில், எதை இழந்து கட்டுவது என்பதில்தான் சர்ச்சை.

2018 ஜூன் மாதத்தில் அந்தச் சர்ச்சை தெருவுக்கு வந்தது. வெட்டப்படவிருந்த மரங்களின் எண்ணிக்கை 14,000 முதல் 16,500 வரை எனப் பலவாறாகச் சொல்லப்பட்டது. பெரும்பகுதி சரோஜினி நகரில். சிப்கோ இயக்கத்தின் பாணியில் மக்கள் மரங்களைக் கட்டியணைத்து நின்றனர். மருத்துவர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், தில்லி உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு ஜூன் 25 அன்று குறுக்கிட்டது. மரங்களை வெட்டுவது நிறுத்தப்பட்டது. மத்திய அரசும் தில்லி அரசும் அனுமதி தந்தது யார் என்று ஒருவர் மீது ஒருவர் பழி போட்டுக்கொண்டன. நௌரோஜி நகரில் மட்டும் காலம் கடந்துவிட்டிருந்தது. அங்கே மரங்கள் பெரும்பாலும் அதற்குள் சாய்க்கப்பட்டுவிட்டன.

அப்போது வீதிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் அல்லர். பக்கத்துப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. உள்ளே இருந்தவர்கள் அரசு ஊழியர்கள். 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்க அவர்களை அனுமதிப்பதில்லை. ஒதுக்கீட்டு ஆணை ரத்தானதும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பத்தான் அவர்களால் முடியும். அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்கியவருக்கும், தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுத்தவருக்கும் ஒதுக்கீட்டு ஆணைகூடக் கிடையாது. சரோஜினி நகரில் இருந்த சுமார் 200 குடிசைகளை இடிக்கும் முயற்சியை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

அண்டைப் பகுதியினரின் அச்சம் மரங்களோடு நின்றுவிடவில்லை. இந்தக் குடியிருப்புகளை ஒட்டிச் செல்லும் வட்டச் சாலையில்தான் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் சப்தர்ஜங் மருத்துவமனையும் எதிரெதிரே அமைந்துள்ளன. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் அந்தச் சாலையில் மேலும் பல்லாயிரம் வாகனங்கள் சேர்ந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும் என்பது அற்பக் கேள்வி அல்ல. யமுனை, கங்கை, பக்ரா அணை என்று அண்டை மாநிலங்களின் தயவில் தண்ணீர் குடிக்கும் தில்லியில், 2024 ஜூனில் நீர்வளத் துறை அமைச்சரே ஹரியாணாவிடம் தண்ணீர் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். அதே மாதம் 28-ஆம் தேதி, சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 228 மி.மீ. மழை பதிவாகி நகரம் மிதந்தது. ஒரு வாரம் தண்ணீர் இல்லை, மறுவாரம் எங்கும் தண்ணீர். மண் தரை கான்கிரீட் ஆகும்போது இந்த இரண்டு துன்பமும் கூடும் என்பதைப் புரிந்துகொள்ள நிபுணர் குழு தேவையில்லை.

ஒரு மரத்துக்குப் பத்து மரக்கன்றுகள் என்று அரசு சமாதானம் சொல்கிறது. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்ட நடைமுறை அது. ஆனால், கன்றுகள் நடப்படுவது பெரும்பாலும் நகரின் விளிம்பில். நிழலை இழப்பவர்கள் வேறிடத்தில். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடும் முறையும் கைகொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் அவ்வாறு பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்குதான் பிழைத்தது என்று 2022-இல் தில்லி வனத் துறையே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இந்தக் கேள்விகளை எல்லாம் ஏன் திட்டம் தொடங்கும் முன்பே எழுப்பவில்லை என்று கேட்கலாம். எழுப்புவதற்கு மேடை இல்லை என்பதே பதில். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சுரங்கமோ அனல் மின் நிலையமோ அமைப்பதற்கு முன் அந்தப் பகுதி மக்களின் கருத்தைக் கேட்பதை விதியாக்கியது. ஆனால் கட்டடங்கள், நகரியங்கள் ஆகிய இனத்துக்கு அந்தக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. ஆகவே, கிராமத்து ஓரத்தில் சுரங்கம் தோண்ட மக்களைக் கேட்க வேண்டும். தலைநகரின் நடுவே இருபத்தைந்தாயிரம் வீடுகள் கட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. கட்டுவோர் அமர்த்திய ஆலோசகர் தயாரிக்கும் அறிக்கையை வைத்து அனுமதி கிடைத்துவிடும்.

தில்லியில் குழப்பம் இன்னும் அதிகம். அரசியல் சட்டத்தின் 239ஏஏ பிரிவின்படி நிலம் மத்திய அரசின் கையில். மரம், தில்லி அரசின் வனத் துறையின் பொறுப்பு. குடிநீர் ஜல வாரியத்திடம், போக்குவரத்து உள்துறையின் கீழுள்ள காவல்துறையிடம். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலர் மனுவைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைக் கைகாட்டுவார்கள். கடைசியில் அவர் போய்ச் சேரும் இடம் நீதிமன்றம்.

எதிர்ப்பவர்கள் அனைவரும் பொதுநலவாதிகள் என்று சொல்லிவிடவும் முடியாது. தனக்கு வீடு அமைந்துவிட்ட பிறகு இன்னொருவர் வருவதை விரும்பாத மனப்பான்மையும், தன் காரை நிறுத்த இடம் போய்விடுமே என்ற கவலையும் இந்தக் குரல்களில் கலந்திருக்கக்கூடும். எது நியாயமான அச்சம், எது சுயநலம் என்பதும் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பேசினால்தான் வெளிப்படும்.

கருத்துக் கேட்டால் காலதாமதம் ஆகும் என்பது அதிகாரிகளின் வழக்கமான வாதம். ஐந்தாண்டுகளில் முடிப்பதாகச் சொல்லப்பட்ட இத்திட்டத்தில், சரோஜினி நகர் வீடுகள் திறக்கப்பட்டது ஒப்புதல் கிடைத்து எட்டரை ஆண்டுகள் கழித்து. கரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால், மக்களைக் கேட்காததால் முளைத்த வழக்குகளும், மரங்களைக் காக்க வரைபடங்களைத் திருத்த நேர்ந்ததும் தின்ற மாதங்களை யாருடைய கணக்கில் எழுதுவது? ஒரு மாதம் ஒதுக்கி மக்களைக் கேட்டிருந்தால் அந்தத் திருத்தங்களை முதலிலேயே செய்திருக்கலாம்.

2006 அறிவிக்கை நகரியங்களுக்கு அளித்த விலக்கை மத்திய அரசு நீக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எந்தக் குடியிருப்புத் திட்டத்துக்கும், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன், அந்தப் பகுதியிலேயே, மக்கள் பேசும் மொழியில் கூட்டம் நடத்தப்பட வேண்டும். குடிநீர் வாரியம், போக்குவரத்துக் காவல்துறை, வனத் துறை, மாநகராட்சி அதிகாரிகள் ஒரே மேடையில் அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஏற்கப்படாத ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எழுத்துபூர்வமான காரணம் தரப்பட வேண்டும். அறிவிக்கையைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஏழு குடியிருப்புகளில் எஞ்சியுள்ள பணிகளிலிருந்தே இதைத் தொடங்க, வீட்டுவசதி அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.