சீட்டு ஓராண்டுக்கு, விளக்கம் எத்தனை நிமிடத்துக்கு?

நியூசிலாந்தில் சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2026 பிப்ரவரி 1 முதல் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரே சீட்டில் 12 மாதம் வரை மருந்து எழுதித் தரலாம். காசும் நேரமும் மிச்சம். வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆனால், சீட்டுக்காகக் கிளினிக் போகும் சாக்கிலாவது, "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்று சிலரிடம் யாராவது கேட்டார்கள். இனி அதைக் கேட்கப்போவது யார்?

நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள், வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003லேயே சொல்லிவிட்டது. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழர் உட்படத் தெற்காசியர் நிறைய வாழும் ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் போன்ற பகுதிகளில் அதற்குக் குறிப்பான காரணங்கள் உண்டு.

மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டுகிறது என்று தானாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. சாப்பாட்டோடு எடுத்தாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினாலோ பலருக்கு அந்தத் தொல்லை குறையும். சஷ்டி விரதத்தன்று வெறும் வயிற்றில் கிளிக்லசைடு போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். வாந்தி, காய்ச்சல் என்று படுத்தால் எம்பாக்ளிஃபுளோசினைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். இன்சுலின் என்றாலே "கடைசிக் கட்டம்" என்ற பயம் வேறு.

ஊரில் 7 சதவீதம் என்று பார்த்துப் பழகிய மூன்று மாதச் சர்க்கரை அளவு, இங்கே 53 என்று வரும். இரண்டும் ஒன்றுதான், அலகுதான் வேறு. இது தெரியாதவர் 70 என்று வந்தாலும் "நூறுக்குள்ளதானே" என்று இருந்துவிடுவார். அது 8.6 சதவீதம்!

இதையெல்லாம் 15 நிமிடச் சந்திப்பில் ஒரு டாக்டர் சொல்லி முடிக்க முடியாது. இது செவிலியர் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை. அதற்கான தகுதியும் அவர்களிடம் உண்டு. 2011 முதலே நியூசிலாந்தில் பயிற்சி பெற்ற நீரிழிவுச் செவிலியர்கள் குறிப்பிட்ட மருந்துகளை எழுதித் தருகிறார்கள். 2016இல் அந்த அனுமதி மற்ற பிரிவுச் செவிலியர்களுக்கும் விரிந்தது. குறைவாக இருப்பது, மாத்திரைகளை மேசையில் வைத்து, "எதை எப்போ போடுவீங்க, நீங்களே சொல்லுங்க" என்று கேட்பதற்கான நேரம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டு வருபவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண். மாத்திரையோடு தெரிந்த மொழியும் தெரிந்த முகமும் சேர்ந்தே வாசலுக்கு வருகின்றன. ஆக்லாந்து கற்க வேண்டிய பாடம் இதுதான்.

ஓராண்டுச் சீட்டு வாங்கும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கட்டணமில்லாத செவிலியர் சந்திப்பு வேண்டும். தமிழ் தேவைப்படுவோருக்குத் தமிழில் வேண்டும். புரியும் வகையில் விளக்கம் பெறுவதும், இயன்றவரை தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறுவதும் 1996ஆம் ஆண்டு நோயாளர் உரிமை விதித்தொகுப்பில் உள்ள உரிமைகள். யாரும் போடும் பிச்சை அல்ல.

நாமும் கேட்கப் பழக வேண்டும். அப்பாவுக்குப் பேரனையோ மகளையோ மொழிபெயர்க்க வைத்தால், அவர் மாத்திரையை விட்ட கதையைப் பிள்ளைகள் முன் சொல்லமாட்டார். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும், நர்ஸைப் பாக்கணும்" என்று சொல்லுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் சமூகச் சேவை அட்டை உள்ளவர்களுக்கும் சீட்டுக்கான 5 டாலர் கட்டணம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அலமாரியில் அடுக்கிவைத்த மாத்திரை சர்க்கரையைக் குறைக்காது. ஏன் போடவில்லை என்று பொறுமையாகக் கேட்கும் செவிலியருக்கும் அரசு செலவழிக்கட்டும்.